ஒடுக்கு எடுத்த முகம்

மழை... சென்னையில் கல்மண்டபம் பகுதியை மட்டும் தனியாகக் குத்தகைக்கு எடுத்துக்கொண்டு பெய்வது போன்ற மழை.

ஆட்டோ முக்கியது, முனகியது, முழங்கால் தண்ணீரில் நின்றேவிட்டது. "அவ்ளோதாம்மா. எஞ்சின்ல தண்ணி பூந்துகிச்சு" என்று டிரைவர் கையை விரித்தார். கார்குழலி இறங்கினாள். குடை இருந்தது. ஆனால் அது அவள் தலைக்கு மேல் இல்லை. சாக்கில் சுற்றி அவள் அணைத்துப் பிடித்திருந்த இடுப்புயரப் பார்சலுக்கு மேல் இருந்தது.

பின்னால் ஒரு ஹாரன். நீல டிரம்களை ஏற்றிய குட்டி யானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. ஜன்னலில் ஒரு முகம்.

"இன்னா மேடம், நீ நனஞ்சிகினு பார்சலுக்குக் கொட புடிச்சிகினு கீற? உள்ள இன்னா, கொழந்தயா?"

அவளுக்குச் சுள்ளென்று வந்தது. "கொழந்த மாதிரிதான். வண்டில எடம் கீதா, இல்ல கத பேசத்தான் நிறுத்துனியா?"

அவன் கண்கள் விரிந்தன. கொஞ்சம் பழுப்பு, கொஞ்சம் குறும்பு... மழையிலும் அணையாத கண்கள். "அய்ய... நம்ம பேட்டயா! கண்ணாடி, ஜோல்னா பை எல்லாம் பாத்து மேடம்னு நெனச்சிட்டேன்."

"புளியந்தோப்பு. மேடமும்தான்."

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டான். பெயர் அஃப்ரித். திருவொற்றியூரில் அவனுடைய மாமா மஜீது வைத்திருக்கும் டிரம் யார்டில் வேலை. மணலிப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் காலியாகும் இரும்பு டிரம்களை வாங்கி, கழுவி, ஒடுக்கு எடுத்து, பெயின்ட் அடித்துத் திரும்ப விற்கும் இடம். ஒடுக்கு என்றால் அடிபட்டு விழும் பள்ளம். பேட்டையில் அதை டொக்கு என்பார்கள்.

"உள்ள இன்னான்னு சொல்லவே இல்லியே?"

"உன்னோட சரக்குதான்" என்றாள் அவள். "டிரம்மு."

அவன் திரும்பிப் பார்த்த வேகத்தில் வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது.

அவள் சொல்ல ஆரம்பித்தாள். ஹைட்டி என்று ஒரு தீவு நாடு, உலகத்தின் அந்தப் பக்கம். அங்கே ஓர் ஊரில் காலி எண்ணெய் டிரம்மில் படம் செய்வார்கள். முதலில் மேல் மூடியையும் அடி மூடியையும் வெட்டி எடுப்பார்கள். காய்ந்த இலைகளை உள்ளே போட்டுக் கொளுத்தினால் ஒட்டியிருக்கும் எண்ணெயும் பெயின்டும் எரிந்து போகும். பக்கவாட்டில் ஒரே கீறலாகக் கீறி, மேலே ஏறி நின்று மிதித்துத் தட்டையாக்குவார்கள். அதில் சாக்கட்டியால் வரைந்து, உளியும் சுத்தியும் வைத்து வெட்டினால் மரம், பறவை, மீன், மனிதர்கள்...

"இங்க வெட்டுனா கிலோ கணக்குல எடைக்குப் போடுவோம். அங்க படமா?" அஃப்ரித் ஸ்டியரிங்கில் தாளம் போட்டான். "மெர்சல்பா! சரி, வெட்டி முடிச்சிட்டு?"

"வெட்டி முடிச்சப்புறம்..." என்று அவள் தொடங்குவதற்குள் வண்டி அவளுடைய குடோன் வாசலுக்கு வந்துவிட்டது. வாசல் என்று ஒன்று இல்லை, தண்ணீர்தான் இருந்தது. பழைய மிளகாய்க் கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து அவளும் கல்லூரித் தோழி ரேகாவும் நடத்தும் சின்ன ஓவியக் கூடம் அது. உள்ளே நாற்காலிகள் மிதந்தன.

கார்குழலி பார்சலை இன்னும் இறுக்கிக்கொண்டாள். இந்தப் பார்சலுக்காக எத்தனை நாள் காத்திருந்தாள்... மாண்ட்ரியலில் இருக்கும் மிர்லாந்த் அனுப்பியது இது. ஹைட்டியில் பிறந்து பிழைப்புக்காகக் கனடா போனவள். அங்கே தன்னைப் போன்றவர்களைச் சேர்த்துக்கொண்டு அவள் ஒரு பரிமாற்றம் நடத்தினாள். ஊரில் இருக்கும் கலைஞர் ஒருவர் செய்த தகடு வேறொரு துறைமுக ஊருக்குப் போகும். அந்த ஊரில் டிரம்மோடு புழங்கும் கைகள் பதிலுக்கு ஒரு தகடு செய்யும். இரண்டும் மாண்ட்ரியலில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கும். சொந்த நாட்டைக் கண்ணால் பார்த்திராத பிள்ளைகள் அங்கே வந்து நின்று பார்ப்பார்கள். ஊரில் துப்பாக்கிக் கும்பல்கள் பட்டறைகளைப் பிடித்துக்கொண்ட பிறகு, அந்தக் கலைஞர்களுக்கு மிச்சமிருந்த ஒரே வாசல் அதுதான்.

இந்தத் தகடு மிர்லாந்தின் அப்பா வில்னேர் செய்தது. பட்டறை எரிவதற்கு முன்னால் கடைசியாக வெளியே வந்தது. 'என் கண்ணைப் போல பார்த்துக்கிறேன்' என்று கார்குழலி வாக்குக் கொடுத்திருந்தாள்.

"எங்க யார்டு மேடு" என்றான் அஃப்ரித் மெதுவாக. "ஒரு பொட்டு தண்ணி வராது. தண்ணி வடியற வரிக்கும் அங்க வெச்சுக்க. நானே காவல் கீறேன்."

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். நம்பினாள்.

தண்ணீர் வடிய மறுத்தது. பார்சலைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அவள் யார்டுக்குப் போகத் தொடங்கினாள். பார்சல் சாக்குக்கட்டு அவிழாமல் மூலையில் சாய்ந்திருக்கும். அவள் பார்வை வேறெங்கோ இருக்கும்...

யார்டு அவளுக்குப் பிடித்துப்போனது. டிரம்முக்குள் சங்கிலியையும் காஸ்டிக் சோடா கரைத்த தண்ணீரையும் போட்டு மூடி உருட்டுவார்கள். சங்கிலி உள்ளே புரண்டு புரண்டு துருவைச் சுரண்டிவிடும். ஒடுக்கு எடுக்கும் விதம் இன்னும் அழகு. நசுங்கிய டிரம்மின் வாயில் குழாயைத் திருகிக் காற்றை ஏற்றுவார்கள். டிரம் மூச்சை இழுத்து நிரப்பிக்கொள்ளும். ஓர் இடத்தில் தாங்க முடியாமல் 'டொம்' என்று பள்ளம் வெளியே குதிக்கும். காற்றுக்கு அடங்காத பள்ளத்தை அஃப்ரித் மரச்சுத்தியால் தட்டித் தட்டிச் சமாதானம் செய்வான். தட்டிய இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவிப் பார்ப்பான்.

"கண்ண ஏன் மூடற?"

"கண்ணு ஏமாத்தும். கையி ஏமாத்தாது." அவன் ஒரு கண்ணை மட்டும் திறந்தான். "உன்ன மட்டும்தான் கண்ணத் தொறந்து பாக்கறேன்."

"ஐயோ... டயலாக்கு!" என்று சிரித்து, டீ கிளாஸுக்குப் பின்னால் முகத்தை ஒளித்துக்கொண்டாள்.

மஜீது மாமு கல்லாவிலிருந்து செருமினார். "ஏம்மா, அந்தப் பார்சலுக்கு இன்னா காலா கீது, தெனிக்கும் வந்து பாக்கற? ஓடிப் போய்டுமா?"

அந்த வெள்ளிக்கிழமை, குடோனில் தண்ணீர் வடிந்துவிட்டது என்று ரேகா போன் செய்தாள். கார்குழலி பஸ்ஸுக்கு ஓடுகிற அவசரத்தில் திரும்பி, "அஃப்ரித்! கப்பல்ல வர்ற வழியில அந்தத் தகடு அடிபட்டுக்கிச்சு. டொக்கு மட்டும் எடுத்து வெக்கிறியா? நாளைக்கி வர்றேன்" என்றாள்.

கீழ் மூலையில் ஒரே ஒரு மடிப்பு, துறைமுகத்தில் பார்சலை வாங்கியபோது பிரித்துப் பார்த்தது. அவள் மனதில் இருந்தது அது மட்டும்தான். வாயில் வந்தது, டொக்கு என்ற சொல் மட்டும்தான்.

மறுநாள் அவன் வண்டி குடோன் வாசலில் வந்து நின்றது. புதுச் சட்டை. முகத்தில் மறைக்கத் தெரியாத பெருமை. "ஜும்மா தொழுக முடிச்சதுல இருந்து இருட்டற வரிக்கும் ஒரே வேல. மாமுகூடத் திட்டுச்சு. ஒரு டொக்கு இல்ல, பாரு... கண்ணாடி!"

சாக்கை விலக்கினான்.

கார்குழலி தகட்டின் முன் மண்டியிட்டாள்.

அன்று வண்டியில் அவள் சொல்லாமல் விட்டது இதுதான். வெட்டி முடித்த பிறகு அந்தக் கலைஞர்கள் தகட்டைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்திலிருந்து அடிப்பார்கள். பின்னால் விழும் ஒவ்வொரு பள்ளமும் முன்னால் ஒரு மேடு. அப்படித்தான் கன்னம் உப்பும், தோள் உருளும், செதில் செதிலாக மீன் உடம்பு எழும். உளி கோடு போடும், சுத்திதான் உயிர் கொடுக்கும். இந்தத் தகட்டில் இருந்தது ஒரு கடல்கன்னி. பாதி பெண், பாதி மீன். இப்போது கண்ணும் வாயும் வெட்டிய துளைகளாக மட்டும் இருந்தன. கன்னம் இல்லை. நெற்றி இல்லை. கண் இருந்தது, பார்வை இல்லை.

ஆயுள் முழுக்க ஒடுக்கு எடுப்பவனுக்கு, வேண்டுமென்றே ஒடுக்கு போடுகிறவர்கள் உலகத்தில் இருப்பார்கள் என்று எப்படித் தெரியும்? வெட்டியதுதான் படம், பள்ளமெல்லாம் கப்பல் கொடுத்த அடி என்று நினைத்திருக்கிறான்.

"இன்னா... இன்னா பண்ணி வெச்சிருக்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"நீதான டொக்கு..."

"அது டொக்கு இல்ல! அது முகம்! ஒரு மனுஷன் செஞ்ச முகம்!" அவள் அழுதாள். அழுகையினூடே, திரும்ப எடுக்க முடியாத ஒன்றைச் சொன்னாள். "உங்களுக்கெல்லாம் நசுக்கறத வுட்டா வேற இன்னா தெரியும்?"

அவன் முகத்தில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. தகட்டைப் பார்த்தான். தன் உள்ளங்கையைப் பார்த்தான். தகட்டைச் சுவரில் பதமாகச் சாய்த்து வைத்துவிட்டு வண்டியை எடுத்தான்... திரும்பிப் பார்க்கவில்லை.

நாட்கள் நகர்ந்தன. அவள் போகவில்லை, அவனும் வரவில்லை. எது என்று நான் காட்டவில்லையே, டொக்கு என்று மட்டும்தானே சொன்னேன்... இந்த நினைப்பு தினமும் வந்து வாசலில் நிற்கும். அவள் கதவைச் சாத்திவிடுவாள். மிர்லாந்துக்கும் எழுதவில்லை. இன்று சொல்கிறேன், நாளை சொல்கிறேன் என்று தள்ளினாள்.

ஒரு விடிகாலையில் போன் அடித்தது. இங்கே விடியும்போது மாண்ட்ரியலில் முந்தின நாள் இரவு. திரையில் மிர்லாந்தின் முகம் வீங்கியிருந்தது.

"அப்பா போயிட்டார், குழலி" என்றாள் அவள் ஆங்கிலத்தில். "வீடிழந்தவங்க முகாம்ல. காய்ச்சல்னு சொல்றாங்க. அடக்கத்துக்குப் போக வழியில்ல, விமானமே இறங்கறதில்ல... அந்தத் தகட்டைக் காட்டு. அதில இருக்கறது என் முகம். எந்தக் கடல்கன்னி செஞ்சாலும் என் முகத்தைத்தான் வைப்பார். நான் வயசுப் பெண்ணா கிளம்பி வந்தேன். அதுக்கப்புறம் அவர் என்னை நேரில் பார்க்கவே இல்ல. ஞாபகத்திலிருந்து அடிச்சது அது. அந்தக் கன்னத்தைத் தொட்டுக் காட்டு, போதும்."

இதைவிடக் கொடுமையான வேளை இருக்குமா? கார்குழலி எல்லாவற்றையும் சொன்னாள். தன் வாயில் வந்த ஒற்றைச் சொல் உட்பட. சொல்லிவிட்டுத் தலை குனிந்தாள்.

மிர்லாந்த் திரைக்கு நெருங்கி வந்தாள். பிறகு...

"மெஷின்ல எடுத்தாங்களா, கையாலயா?"

"கையால. ஒவ்வொண்ணா."

"ஒவ்வொண்ணாவா..." மிர்லாந்த் கண்ணைத் துடைத்தாள். "அப்படின்னா, என் அப்பாவோட ஒவ்வொரு அடியையும் தொட்டுப் பார்த்த ஆள் உலகத்தில அவர் ஒருத்தர்தான். எனக்கு அவரோடு பேசணும்."

யார்டு வாசலில் கார்குழலி தகட்டை அணைத்துக்கொண்டு நின்றாள். தூறல். இந்த முறை குடையே இல்லை.

அஃப்ரித் டிரம்மை உருட்டிக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டான். "இன்னா மேடம். இன்னும் எதுனா நசுக்கணுமா?"

அது சரியாக வந்து தைத்தது. தைக்கட்டும் என்று நின்றாள். "அதச் செஞ்சவரு இறந்துட்டாரு, அஃப்ரித். அவரு பொண்ணு லைன்ல கீது. உன்னோட பேசணுமாம்."

டிரம் அவன் கையிலிருந்து நழுவி உருண்டு, சுவரில் மோதி நின்றது.

"என்னாண்டயா? திட்டட்டும்... திட்டணும்தான்." கைகளைச் சட்டையில் துடைத்தான், திரும்பத் திரும்ப. "எனக்கு இங்கிலீஷு வராதே."

"நான் கீறேன்."

இரும்புப் பலகை மேல் தகட்டைக் கிடத்தினார்கள். கார்குழலி போனை உயர்த்திப் பிடித்தாள். அஃப்ரித் கண்ணை மூடி, உள்ளங்கையைத் தகட்டில் வைத்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்.

"நெத்தி இது. இங்க ரொம்ப லேசா அடிச்சிருந்தாரு, பூ வெச்ச மாதிரி. தோளுல பலமா அடி. அடியெல்லாம் ஒரே பக்கமா சாஞ்சிருந்திச்சு... அவரு எடது கைக்காரரா?"

திரையில் மிர்லாந்த் வாயைப் பொத்திக்கொண்டாள். தலை மேலும் கீழும் ஆடியது.

"கன்னந்தான் உக்காரவே மாட்டேன்னுச்சு. நான் தட்டறேன், அது எழும்புது. தட்டறேன், எழும்புது. ஒரே அடியில வுழுந்த டொக்கு அப்டி செய்யாது. கொஞ்சங் கொஞ்சமா, ரொம்ப நாளு தட்டுனாத்தான் தகடு அவ்ளோ விரியும், விரிஞ்ச தகடு லேசுல உக்காராது. அப்பவே எனக்குப் புரிஞ்சிருக்கணும்." அவன் குரல் கம்மியது. "அப்பால இங்க, வாயோரத்துல, ஒரு சின்ன குழி. எல்லாம் பின்னால இருந்து அடிச்சவரு, இத மட்டும் முன்னால இருந்து அடிச்சிருந்தாரு. அத எடுக்கத்தான் எனக்கு ரொம்ப நேரம் ஆச்சு."

கார்குழலி அதைச் சொல்லி முடித்தாள். மிர்லாந்த் அழுதபடியே சிரித்தாள். அவள் கன்னத்தில், வாயோரத்தில், அந்தக் குழி விழுந்தது.

அஃப்ரித் அதைக் கண் திறந்து பார்த்தான். பார்த்துக்கொண்டே நின்றான். கண்ணீர் தாடியில் இறங்கியது. "நா அந்த டொக்கெல்லாம் திரும்பப் போட்டுத் தர்றேன்னு சொல்லு, குழலி. எல்லா எடமும் என் கையிக்குத் தெரியும்."

மிர்லாந்த் தலையசைத்து மறுத்தாள். "வேண்டாம். அப்போ அது அஃப்ரித்தோட கையா இருக்கும், அப்பாவோடதா இருக்காது. இப்படியே வரட்டும். எங்க வீடும் தெருவும்கூட இப்போ இப்படித்தான், தட்டையாத்தான் கிடக்கு. பார்க்க வர்ற பிள்ளைங்களுக்கு அஃப்ரித் சொன்னதை நான் சொல்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா சென்னையிலிருந்து பதில் தகடு வரணுமே. அதை அவர்தான் செய்யணும்."

அழைப்பு முடிந்தது. தகரக் கூரையில் மழை வலுத்தது. இருவரும் தகட்டின் இரு பக்கமும் நின்றார்கள். மஜீது மாமு கல்லாவிலிருந்து எழுந்து, டீ வாங்கப் போவது போல வெளியே போனார்.

"அன்னிக்கு நான் எந்த டொக்குன்னு காட்டல" என்றாள் கார்குழலி. "தப்பு என்னுது. தெரிஞ்சே உம்மேல போட்டேன். அப்பறம் 'உங்களுக்கெல்லாம்'னு ஒரு வார்த்த சொன்னேன் பாரு... அத நெனச்சா எனக்குத் தூக்கமே வரல."

"எனக்குந்தான் வரல." அவன் புதுத் தகடு ஒன்றை இழுத்து மணல் மூட்டையின் மேல் வைத்தான். பின்பக்கம் மேலே. சுத்தியை எடுத்தான். கை உயர்ந்தது... அப்படியே நின்றது. "இன்னாமே இது, முடில. பொறந்ததுல இருந்து எடுத்துதான் பழக்கம். நானா ஒண்ணு போட்டதே இல்ல."

"பயமா?"

"ஒண்ணு வுழுந்துகிச்சுன்னா அவ்ளோதான். எடுத்தாலும் தகட்டுக்கு மறக்காது. அத இந்தப் பொண்ணு மூஞ்சில கத்துகினேன்." அவன் அவளைப் பார்க்கவில்லை. சுத்தியைப் பார்த்துச் சொன்னான். "கல்மண்டபத்துல பார்சலுக்குக் கொட புடிச்சிகினு நின்ன பாரு... அன்னிக்கே இங்க, நெஞ்சுல, ஒரு டொக்கு வுழுந்துச்சு. நீ திட்டிட்டுப் போனப்பறம் எடுத்துப் பாத்தேன் குழலி. தட்டித் தட்டிப் பாத்தேன். உக்கார மாட்டேங்குது. உன்ன எனக்கு அவ்ளோ புடிச்சிருக்கு."

மழைச் சத்தம். அவள் கண்ணாடியில் நீர்த்துளிகள், அதற்குப் பின்னாலும் நீர்.

"எங்கம்மா கெங்கம்மாவ உனக்குத் தெரியாது. கேட்டா தொடப்பத்த எடுக்கும்."

"எங்க மாமு டிரம்முல போட்டு உருட்டும்."

சிரிப்பு வந்தது, பாதியில் உடைந்தது. இதெல்லாம் சுலபமில்லை என்று இருவருக்கும் தெரியும். எங்கோ ஓர் அப்பா, மகளை மறுபடி பார்க்காமலே, அவள் கன்னத்துக் குழியை இரும்பில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பார்க்க முடிகிறபோது சொல்லாமல் இருப்பதுதான் பாவம் என்று கார்குழலிக்குப் பட்டது.

"எனக்கும்" என்றாள். "எனக்கும் உன்னப் புடிச்சிருக்கு, அஃப்ரித்."

சொல்லிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்க முடியாமல், கடல்கன்னியின் தட்டையான கன்னத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். 'டப்' என்று அது உள்ளே போனது. விரலை எடுத்தாள்.

மெல்ல... மிக மெல்ல... கன்னம் எழும்பியது.